இலியட்டில் கடலுக்கு மூன்று சொற்கள்: 'தலஸ்ஸா' எங்கிருந்து வந்தது?

பதிவு 1 | கரைமணல்

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு பழங்கிரேக்கம் கற்கத் தொடங்கி, இப்போது ஹோமரின் போர்க் காப்பியமான இலியட்டின் முதற் காண்டத்தை அகராதியின் துணையோடு அடியடியாகத் தமிழில் எழுதிப் பார்த்து வருகிறேன். 34ஆம் அடியில், மகளை மீட்க வந்து கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானால் விரட்டப்பட்ட பூசாரி கிரிசீஸ், பேரிரைச்சலிடும் கடலின் கரையோரமாக வாய் திறவாமல் நடந்து போகிறான். அங்கே ஹோமர் ஆளும் சொல் 'தலஸ்ஸா'. 350ஆம் அடியில் கிரேக்க வீரன் அக்கிலீஸ் தோழர்களை விட்டு விலகிக் கரையில் தனியே அமர்ந்து கடலைப் பார்க்கிறான். அந்த ஓர் அடிக்குள்ளேயே 'ஹல்ஸ்', 'பொன்தோஸ்' என்று கடலுக்கு வேறு இரண்டு சொற்கள் வருகின்றன. நான் மூன்றையும் 'கடல்' என்றே எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்தால் ஏதோ களவு செய்ததுபோல் இருக்கிறது.

இம்மூன்று சொற்களின் பொருள் வேறுபாடு என்ன? அவற்றுள் 'தலஸ்ஸா'வுக்கு மட்டும் அகராதி 'தோற்றம் அறியப்படவில்லை' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. கடலையே வாழ்வாகக் கொண்ட ஒரு மக்களின் மொழியில், கடலைக் குறிக்கும் மிகப் பொதுவான சொல்லுக்கு வேர் தெரியாமல் இருப்பது எப்படி? விளக்குவோருக்கு நன்றியுடையவனாவேன்.

பதிவு 2 | பழஞ்சுவடி

ஐயா, நல்ல இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். எளிதானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். 'ஹல்ஸ்' என்பது உப்பு. ஆண்பாலில் வந்தால் உப்பு, பெண்பாலில் வந்தால் கடல். இலத்தீனின் 'சால்', ஆங்கிலத்தின் 'சால்ட்' ஆகியவற்றோடு இது உடன்பிறப்பு; சொல்லின் முதலில் இருந்த 'ஸ்' ஒலி கிரேக்கத்தில் மூச்சொலியாகிய 'ஹ்' ஆகத் தேய்வது வழக்கமான மாற்றம். 'பொன்தோஸ்' என்பதன் உறவினர்கள் சமஸ்கிருதத்தில் வழியைக் குறிக்கும் 'பந்தா'வும் இலத்தீனில் பாலத்தைக் குறிக்கும் 'பொன்ஸ்' என்பதும். கடந்து போகும் வழி என்ற கருத்திலிருந்து கடலுக்கு வந்த பெயர் அது. ஆக, இரண்டுமே கிரேக்கமும் இலத்தீனும் சமஸ்கிருதமும் அடங்கிய இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் சொத்து.

இனி உங்கள் வினா. இலத்தீன் 'மாரே', ஜெர்மன் 'மேர்', ரஷ்ய மொழியின் 'மோரே', ஐரிஷ் மொழியின் 'முயிர்' எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்த, கடலைக் குறிக்கும் சொற்கள். கிரேக்கத்தில் அம்மூலம் கடலின் பெயராக நிலைக்கவில்லை. கப்பலுக்கு அவர்களிடம் மரபுச் சொல் உண்டு: 'நவ்ஸ்', இது சமஸ்கிருத 'நௌ', இலத்தீன் 'நாவிஸ்' ஆகியவற்றோடு ஒன்றுபடும். துடுப்புக்கும் உண்டு: 'எரெத்மோன்', இதற்கு இணை சமஸ்கிருத 'அரித்ர'. ஓடமும் துடுப்பும் கையோடு கொண்டுவந்தவர்கள், எதிரே விரிந்த நீர்ப்பரப்பின் பெயரை மட்டும் அங்கே முன்பே வாழ்ந்தவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்து. ஆற்றில் ஓடம் ஓட்டியவர்களுக்கு ஏஜியன் கடல் புதிது என்று எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

அதற்கு ஒலிச் சான்றும் இருக்கிறது. அயோனியக் கிளைமொழியில் 'தலஸ்ஸா' ஆக வருவது ஏதென்ஸ் நகரின் அத்திக் கிளைமொழியில் 'தலத்தா' ஆகிறது. பாரசீகத்தின் உட்பகுதியில் தலைவனை இழந்து, மலைகளைக் கடந்து திரும்பிய பதினாயிரம் கூலிப்படையினர் கி.மு. 400இல் ஒரு முகட்டிலிருந்து கருங்கடலைக் கண்டதும் 'தலத்தா! தலத்தா!' என்று கூவி அழுததாக, அவர்களை நடத்திச் சென்றவர்களுள் ஒருவனான ஸெனஃபோன் எழுதுகிறான். 'தலங்க்கா' என்பதுபோன்ற ஒரு வடிவத்தையும் அரும்பதங்களைத் தொகுத்த அலெக்சாந்திரிய ஹெசிக்கியஸ் குறித்து வைத்திருக்கிறார்; அது மக்கதோனியாவின் வடிவமாக இருக்கலாம் என்பர். முதலெழுத்து ஓரிடத்தில் மூச்சுடன் கூடிய வல்லின 'த', இன்னோரிடத்தில் மெலிந்த 'த'. நடுவில் ஓரிடத்தில் மூக்கொலி வருகிறது, ஓரிடத்தில் காணவில்லை. மரபுவழி வந்த சொல் இப்படித் தள்ளாடாது. அயல்மொழி ஒலியை ஆளுக்கொரு விதமாகக் காதில் வாங்கியதன் அடையாளம் இது.

பதிவு 3 | நெய்தல்

மதிப்பிற்குரிய பழஞ்சுவடி அவர்களே, முன்பே வாழ்ந்தவர்கள் என்கிறீர்கள். அவர்கள் யார் என்று சொல்லவில்லை. 'தலஸ்ஸா' என்பதை 'தலை + அலை' என்று பிரித்தால் பொருள் தானே விளங்குகிறதே! தலையாய அலைகளை உடையது கடல். இது தற்செயல் ஒற்றுமையாக இருக்க முடியாது. அரிசி 'ஒரிஸா' ஆனதும், இஞ்சி 'ஸிங்கிபெரிஸ்' ஆனதும், நம் முசிறித் துறைக்கு யவனர் கலங்கள் வந்து மிளகு ஏற்றிச் சென்றதும் யாவரும் அறிந்தவை. நிலைமை இப்படியிருக்க, வேர் தெரியாத ஒரு கிரேக்கச் சொல்லுக்குத் தமிழைத் தேடிப் பார்க்க ஏன் தயங்க வேண்டும்?

பதிவு 4 | அச்சுக்கோப்பு

நெய்தல் அவர்களின் ஆர்வம் புரிகிறது. ஆனால் இந்த ஒற்றுமையின் பெரும்பகுதியை உண்டாக்கியது நம் எழுத்து முறை என்பதைக் கவனிக்க வேண்டும். கிரேக்கத்தில் 'தீட்டா', 'தவ்', 'தெல்தா' என்று மூன்று எழுத்துகள் மூன்று வேறு ஒலிகளுக்கு உண்டு. 'தலஸ்ஸா'வின் முதலெழுத்து தீட்டா. பழங்காலத்தில் அது மூச்சைச் சேர்த்து ஒலிக்கும் வல்லொலி. தமிழில் மூன்றையும் 'த' என்ற ஒரே எழுத்தால்தான் எழுத முடிகிறது. தமிழ்த் 'தலை'யைக் கேட்ட கிரேக்கன் அதைத் தவ் இட்டு எழுதியிருப்பான் என்றே எதிர்பார்க்கலாம். தாளில் ஒன்றுபோலத் தெரிவதால் காதிலும் ஒன்றாகவே ஒலித்திருக்கும் என்று கொள்ளலாகாது.

இன்னொன்றும் சொல்கிறேன். 'சைபர்' என்று தமிழில் எழுதினால் அது பூச்சியமா, இணையக் குற்றப்பிரிவின் முன்னொட்டா? பூச்சியத்தைக் குறிப்பது அரபு மொழியின் 'ஸிஃப்ர்'. மற்றது, 1948இல் நார்பர்ட் வீனர் தம் புதிய துறைக்குப் பெயரிடக் கையாண்ட கிரேக்கக் 'கிபெர்நேத்தேஸ்', அதாவது கப்பலின் சுக்கான் பிடிப்பவன், என்ற சொல்லின் வழி வந்தது. அதே சுக்கான்காரன்தான் இலத்தீன் வழியாக நம் 'கவர்னர்' ஆகவும் வந்து அமர்ந்தான். ஒன்றுபோல் எழுதப்படும் சைபர் இரண்டுக்கும் எள்ளளவும் உறவில்லை. தோற்றத்தில் எட்ட நிற்கும் 'கவர்னரும்' 'கிபெர்நேத்தேஸும்' ஒரே கொடியில் பூத்தவை. தோற்ற ஒற்றுமையைச் சான்றாகக் கொள்வதில் உள்ள இடர் இதுதான்.

(இந்தக் 'கிபெர்நான்' என்ற வினைக்கும் கிரேக்கத்துக்கு முந்திய மூலமே சொல்லப்படுகிறது. பழஞ்சுவடி ஐயா காட்டிய பட்டியலோடு இது பொருந்திப் போவது சுவையாக இருக்கிறது: துடுப்பு சொந்தம், சுக்கான் கடன்.)

பதிவு 5 | பழஞ்சுவடி

அச்சுக்கோப்பு சொன்னதை ஒரு படி மேலே கொண்டுபோகிறேன். உறவு என்பது ஒருமுறை ஒத்துப்போவதில் இல்லை. ஒரே ஒலி ஒரே சூழலில் மீண்டும் மீண்டும் அதே விதமாக ஈடாக வருவதில் இருக்கிறது. ஐந்துக்கு சமஸ்கிருதம் 'பஞ்ச', கிரேக்கம் 'பெந்தெ'. நான்குக்கு அங்கே 'சதுர்', இங்கே அத்திக் கிளைமொழியில் 'தெத்தரெஸ்'. 'உம்' என்னும் இணைப்புக்கு அங்கே 'ச', இங்கே 'தெ'. கண்ணுக்கு ஒற்றுமை குறைவுதான். ஆனால் அங்கே சகரம் வரும் இடத்தில் இங்கே எகரத்துக்கு முன் தகரம் மூன்று முறையும் வருகிறது. மூலத்தில் இருந்த இதழ் குவித்த ககர ஒலி இரண்டு மொழிகளில் இரண்டு வழியாகப் போனதால் நேர்ந்தது இது.

தீட்டாவுக்கும் இத்தகைய விதி உண்டு. கிரேக்கத்தில் சொல்முதல் தீட்டா பெரும்பாலும் பழைய ஓர் ஒலிப்புடை 'த்'திலிருந்து வருவது. அதற்கு ஈடாக சமஸ்கிருதத்தில் மூச்சொலியுடைய மெல்லிய 'த'வும், இலத்தீனில் 'ஃப'வும் வரும். உள்ளக் கொதிப்பைக் குறிக்கும் 'தூமோஸ்', புகையைக் குறிக்கும் சமஸ்கிருத 'தூம', இலத்தீன் 'ஃபூமுஸ்' மூன்றும் அப்படிப் பொருந்துகின்றன. நாம் இலக்கியத்தில் படிக்கும் 'தூமம்' இவ்வழியில் வந்ததே. 'தலஸ்ஸா'வுக்கு இப்படி ஓர் இணையை இதுவரை நிறுவ முடியவில்லை. குடும்பத்திற்குள்ளேயே இந்தக் கண்டிப்பைக் கடைப்பிடிப்பவர்கள், குடும்பத்திற்கு வெளியே தேடும்போது மட்டும் 'தலை + அலை' என்று தளர்த்திக்கொள்ள முடியாது.

நெய்தல் அவர்கள் காட்டிய மற்ற எடுத்துக்காட்டுகளை ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அவற்றுள் ஒன்று உறுதியானது, ஒன்று ஐயத்துக்குரியது, ஒன்று பலரும் தவறாகப் புரிந்துகொள்வது.

உறுதியானது இஞ்சி. முதல் நூற்றாண்டு மருத்துவரான தியோஸ்கோரிதேஸ் எழுதும் 'ஸிங்கிபெரி', பாலி மொழியில் 'சிங்கிவேர' என்று காணப்படும் சொல்லின் வழி வந்தது. அதன் பின்பகுதி நம் 'வேர்'. முன்பகுதி 'இஞ்சி'யின் பழைய வடிவம். தென்திராவிட மொழிகளில் சொல்முதல் சகரம் பல சொற்களில் கெட்டுப்போனது என்பது மொழியியலார் நிறுவிய ஒன்று. ஆகவே கிரேக்கனிடம் உள்ள 'ஸி' நாம் இழந்த எழுத்தின் நினைவு. சமஸ்கிருதத்தார் அதைக் கொம்பு வடிவமுடையது என்று பொருள்படும்படி 'ச்ருங்கவேர' என்று தம் மொழிக்கேற்பத் திருத்திக்கொண்டார்கள். இங்கே ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு மொழியில் பதிவாகியிருக்கிறது.

அரிசியில் அப்படி இல்லை. கால்டுவெல் காலத்திலிருந்து 'அரிசி – ஒரிஸா' என்ற இணை சொல்லப்பட்டு வருகிறது. ஆனால் சமஸ்கிருத 'வ்ரீஹி', பஷ்தோ மொழியின் 'வ்ரிஷெ' ஆகியவற்றில் உள்ள முதல் வகரம், கிரேக்கத்தில் அதை எழுத எழுத்தில்லாமல் 'ஒ' ஆகியது என்ற விளக்கமே ஒலிக்கு நெருக்கமாக உள்ளது. சொல் தரைவழியாக, ஈரானிய மொழி ஒன்றின் ஊடாகச் சென்றிருக்க வேண்டும். அந்த 'வ்ரீஹி'க்கும் பின்னால் ஒரு திராவிடச் சொல் இருக்கிறதா என்பது தனி வழக்கு.

மிளகின் கதை வேறு. 'பெபெரி' என்பது 'பிப்பலி'யிலிருந்து வந்தது. பிப்பலி என்பது திப்பிலி. நீளமான திப்பிலிக்குரிய பெயரைக் கிரேக்கர்கள் உருண்டை மிளகுக்கும் சேர்த்து வைத்துவிட்டார்கள். தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய தியோஃப்ராஸ்தஸ், பெபெரியில் உருண்டை, நீளம் என இரு வகை உண்டு என்று எழுதுவது இதனால்தான். முசிறியிலிருந்து மூட்டை மூட்டையாகப் போனது மிளகு. பெயர் மட்டும் வடக்கே இருந்து போனது. அகநானூற்றின் 149ஆம் பாட்டு யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து 'கறி'யோடு திரும்பியதைச் சொல்கிறது. அந்தக் 'கறி' என்ற சொல்லைக் கிரேக்கன் ஏற்றிச் செல்லவில்லை.

பதிவு 6 | நெய்தல்

இஞ்சியை விட்டுக்கொடுக்காமல் வைத்தமைக்கு நன்றி. 'தலை + அலை'யைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் என் வினாவின் மற்றொரு பாதி அப்படியே நிற்கிறது. எனக்குத் தெரியாததைத் தமிழ் என்று நான் சொன்னால் அது பிழை; அறிஞர்கள் தமக்குத் தெரியாததைக் 'கிரேக்கத்துக்கு முந்தியது' என்று சொன்னால் அது ஆய்வா? இராபர்ட் பீக்கஸ் 2010இல் வெளியிட்ட சொற்பிறப்பியல் அகராதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களை அப்படி ஒதுக்கியிருக்கிறாராமே. குப்பைத்தொட்டிக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

பதிவு 7 | பழஞ்சுவடி

இது நேர்மையான வினா. பீக்கஸ் அளவு மீறிப் போனார், சிறு ஒலிவேறுபாடு கண்டாலும் 'முந்தியது' என்று முத்திரை குத்தினார் என்று அவர் துறையினரே குறைகூறியதுண்டு. என் மேசையில் அவரும், அவருக்கு மிக முந்திய கிரேக்கச் சொற்பிறப்பியல் அகராதியைத் தந்த பியெர் சாந்த்ரேனும் அருகருகே இருக்கிறார்கள். பல இடங்களில் தெரியவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் சாந்த்ரேனையே நான் கூடுதலாக நம்புகிறேன்.

ஆனாலும் அந்தப் பழைய மொழி வெறும் கற்பனையன்று. கொரிந்தோஸ், ஸாகிந்தோஸ் போன்ற 'ந்தோஸ்' ஈற்று ஊர்ப்பெயர்களையும், க்னோசோஸ், பர்னாசோஸ், ஹலிகார்னாசோஸ் போன்ற 'ஸோஸ்' ஈற்றுப் பெயர்களையும் பாருங்கள். இவை கிரேக்கத்தில் மட்டுமல்ல, எதிர்க்கரையான சிற்றாசியாவிலும் பரவியிருப்பதை பவுல் கிரெட்ச்மர் 1896இலேயே எடுத்துக்காட்டினார். 1928இல் ஹேலியும் பிளேகனும் இத்தகைய ஊர்ப்பெயர்களின் பரவலை வெண்கலக் காலக் குடியிருப்புகளின் பரவலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதே ஈறுகள் பொதுச் சொற்களிலும் வருகின்றன: குளியல் தொட்டி 'அசமிந்தோஸ்', செங்கல் 'பிளிந்தோஸ்', கொண்டைக்கடலை 'எரெபிந்தோஸ்', சைப்ரஸ் மரம் 'கிபாரிஸ்ஸோஸ்'. குளியல் தொட்டியும் செங்கலும் கடலையும் மரமும் என்றால் என்ன பொருள்? புதிதாக ஒரு நிலத்தில் குடியேறுகிறவன் அங்கே முதன்முதலாகக் காணும் பொருள்கள் அவை. குப்பைத்தொட்டியில் இப்படி ஓர் ஒழுங்கு இருக்காது.

இன்னும் வலிய சான்று ஒன்று இருக்கிறது. அது களிமண்ணில் எழுதப்பட்டது. கிரீட் தீவின் க்னோசோசில் 1900இல் ஆர்தர் எவன்ஸ் தோண்டத் தொடங்கியபோது கிடைத்த களிமண் ஏடுகளின் எழுத்தை 'லீனியர் பி' என்கிறோம். கட்டடக் கலைஞரான மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் அதைப் படித்து, அதன் மொழி கிரேக்கமே என்று காட்டினார். க்னோசோஸ் ஏடு ஒன்றில் இரண்டு வரிகள் உள்ளன. முதல் வரி: எல்லாத் தெய்வங்களுக்கும் தேன் ஒரு சாடி. இரண்டாம் வரி: 'த-பு-ரி-தோ'வின் தலைவிக்குத் தேன் ஒரு சாடி. அந்தத் 'தபுரிந்தோ' நாம் அறிந்த 'லபிரிந்தோஸ்', அதாவது சிக்கல்வழி மாளிகை, என்றே பலரும் கொள்கிறார்கள். எல்லாத் தெய்வங்களும் சேர்ந்து பெற்ற அளவை அவள் ஒருத்தியே பெற்றுவிடுகிறாள். அவள் யார் என்று ஏடு சொல்லவில்லை.

அந்த ஒரு வரியில் நாம் பேசும் செய்தி முழுவதும் அடங்கியிருக்கிறது. தலைவி என்பதற்கு அங்கே உள்ள சொல் 'பொத்னியா'. அது சமஸ்கிருத 'பத்னீ'யின் உடன்பிறப்பு. நாம் கண்ணகியைச் சொல்லும் 'பத்தினி' அந்தப் 'பத்னீ'யிலிருந்து வந்ததே. தேன் 'மெலி', இலத்தீன் 'மெல்' அதன் இனம். இடப்பெயருக்கு மட்டும் குடும்பத்தில் யாரும் இல்லை. அது 'ந்தோஸ்' ஈற்றுச் சொல், முதலெழுத்தும் ஏட்டில் தகரம், பிற்காலத்தில் லகரம். இந்த தகர-லகரத் தடுமாற்றம் ஹோமரின் இன்னொரு காப்பியத்தின் தலைவனான ஒதிசெயுஸ் பெயரிலும் உண்டு: பழைய பானை ஓவியங்களில் 'ஒலித்தெயுஸ்' என்றும் எழுதியிருக்கிறார்கள், உரோமர்கள் அவனை 'உலிக்சஸ்' என்றார்கள். காதுக்குப் பழக்கமில்லாத ஏதோ ஓர் ஒலியை எழுத முயன்று, ஒருவர் இதையும் ஒருவர் அதையும் எழுதியிருக்கிறார்கள்.

'லாப்ரிஸ்' என்ற, சிற்றாசியாவின் லிதிய மொழிச் சொல்லுக்குக் கோடரி என்று பொருள் எனக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்வதை வைத்து, லபிரிந்தோஸ் என்றால் 'இரட்டைக் கோடரி மாளிகை' என்று விளக்குவது சுற்றுலாக் கையேடுகளில் மிகவும் பரவிவிட்டது. ஏட்டின் தகர முதலோடு அது சரியாகப் பொருந்தவில்லை. அதுவும் ஒரு வகையில் 'தலை + அலை'தான், வெளியிட்டவர்கள் பெரியவர்கள் என்பதைத் தவிர.

பதிவு 8 | மட்டுறுத்துநர்

தமிழ் எண்களும் கிரேக்க எண்களும் பற்றி இடப்பட்ட ஏழு மறுமொழிகள் வேறு இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே தொடக்க வினாவை ஒட்டியே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 9 | ஐயவினா

கிரேக்கர்களே தம் சொற்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. பிளேட்டோவின் 'கிராத்திலஸ்' உரையாடலில் சாக்ரதீஸ், மனிதனைக் குறிக்கும் 'அந்த்ரோபோஸ்' என்பதைத் தான் கண்டதை ஆராய்ந்து நோக்குகிறவன் என்று பொருள்படும் ஒரு தொடரின் சுருக்கமாக விளக்குகிறார். விலங்குகள் காண்கின்றன, ஆராய்வதில்லை. அதனால் மனிதனுக்கு அப்பெயராம். அழகான கருத்து, ஆனால் சொல்லின் வரலாறு அன்று. நம் உரையாசிரியர்கள் காரணப்பெயர் சொல்லும் முறை நினைவுக்கு வருகிறது.

அதே உரையாடலில் நெருப்பைக் குறிக்கும் 'பிர்', நீரைக் குறிக்கும் 'ஹிதோர்', நாயைக் குறிக்கும் 'கியோன்' ஆகியவற்றுக்குத் தம் மொழியில் வேர் கிடைக்காமல், இவை சிற்றாசியாவின் பிரிகியரிடமும் சிறு மாற்றத்தோடு வழங்குவதால் அயலாரிடமிருந்து வந்திருக்கலாம் என்று நழுவுகிறார். மூன்றுமே அசல் குடும்பச் சொற்கள் என்று இன்று தெரியும். 'ஹிதோர்' சமஸ்கிருத 'உதக'த்தின் இனம், 'கியோன்' 'சுவன்' என்பதன் இனம். வீட்டுப் பிள்ளைகளை அயலார் என்று ஐயுற்ற சாக்ரதீசும், உடனிருப்பவர்களும் 'தலஸ்ஸா'வைக் கேட்டிருந்தால் என்ன வேர் சொல்லியிருப்பார்களோ!

பதிவு 10 | கரைமணல்

நான் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது, அனைவருக்கும் நன்றி. இனி மொழிபெயர்ப்புச் சிக்கலுக்கு வருகிறேன். 350ஆம் அடியில் அக்கிலீஸ் அமர்ந்திருப்பது 'ஹல்ஸ்' என்பதன் கரையில். அதற்கு ஹோமர் தரும் அடை 'பொலியோஸ்'. மனிதனின் நரைமுடிக்கும் அதே சொல்தான். அவன் கண் போவது எல்லையற்ற 'பொன்தோஸ்' மீது. சில சுவடிகளில் 'எல்லையற்ற' என்பதற்கு மாறாக 'திராட்சை மதுவைப் போன்ற' என்ற பாடமும் உண்டு. ஆக, காலருகே நுரைத்துக் கிடப்பது ஒன்று, கண்ணுக்கு எட்டாமல் விரிவது இன்னொன்று. ஒரே அடியில் இரண்டு சொற்களும் வருவது வெறும் யாப்பு வசதிக்காக இருக்காது என்று நினைக்கிறேன். 'பொன்தோஸ்' என்பதற்கு 'வழி' என்ற மூலப்பொருளை மொழிபெயர்ப்பில் கொண்டுவர வேண்டுமா?

பதிவு 11 | அச்சுக்கோப்பு

வேண்டாம் என்பதே என் கருத்து, ஐயா. ஹோமரின் பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்த 'வழி' நினைவில் இருந்திருக்கும் என்று கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. வேர் வேறு, வழக்கில் உள்ள பொருள் வேறு. 'ஹல்ஸ்' அப்படியன்று, உப்பும் கடலும் அவர்களுக்குக் கண்முன்னே ஒரே சொல். அதற்குத் தமிழில் ஆயத்தமாகவே ஒரு சொல் இருக்கிறது: உவரி. உவர் என்றால் உப்புச் சுவை, உவரி என்றால் கடல். இரண்டு மொழிகளுக்கும் உறவு ஏதும் இல்லாமலேயே, கரையில் நின்று நாவில் பட்டதைச் சொன்ன இரு மக்களின் ஒரே எண்ணம். 'பொன்தோஸ்' என்பதற்குப் பரப்பைச் சொல்லும் 'பரவை' பொருந்துமா பாருங்கள்.

பதிவு 12 | கரைமணல்

பொருந்துகிறது. இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: 'நரைத்த உவரியின் கரையில் அமர்ந்து, எல்லையற்ற பரவையைப் பார்த்தபடி.' நெய்தல் அவர்கள் 'நரைத்த' என்பதற்கு 'நுரைத்த' என்று போடலாமே என்று தனிமடலில் கேட்டார். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் மூலத்தில் அது நிறம். 34ஆம் அடியில் கிரிசீஸ் நடக்கும் 'தலஸ்ஸா'வுக்குக் 'கடல்' என்பதையே வைத்துக்கொண்டேன். அடுத்து 316ஆம் அடியில் அதே 'ஹல்ஸ்' என்பதற்கு 'அத்ருகெத்தோஸ்' என்று ஓர் அடைமொழி வருகிறது. விளைவில்லாதது என்கிறது ஓர் அகராதி, ஓய்வில்லாதது என்கிறது மற்றொன்று. பழஞ்சுவடி ஐயா, சாந்த்ரேன் அங்கே என்ன சொல்கிறார்?